பழைய காஸ் சிலிண்டரை என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு ஆமர் வீதிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். கேற், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி இவைதான் அன்றாட வேலை. 2022 காஸ் தட்டுப்பாட்டுக்குப் பிறகு ஒரு புதுக் கேள்வி கடை வாசலுக்கு வரத் தொடங்கியது. "அண்ணன், வீட்டில் ஒரு சிலிண்டர் சும்மா கிடக்கிறது. வெட்டி ஏதாவது செய்து தருவீர்களா?"

அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விடியற்காலையிலேயே வரிசை. ஆள் வீட்டுக்குப் போனாலும் இடம் பறிபோகாமலிருக்கச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்துப் பூட்டி வைத்த காலம். எப்போது எந்தச் சிலிண்டர் கிடைக்கும் என்று தெரியாமல், கேட்ட விலையைக் கொடுத்து இரண்டாவது, மூன்றாவது என்று வாங்கி வைத்தவர்கள் பலர். இப்போது அவை மாடிப்படியின் கீழும் பல்கனி மூலையிலும் கிடந்து துருப்பிடிக்கின்றன. வெள்ளவத்தைப் பக்கம் கடற்காற்றுக்கு அடிவளையம் சீக்கிரமே அரித்துவிடுகிறது. இணையத்தில் வெளிநாட்டு ஆட்கள் புரோப்பேன் தாங்கியை வெட்டி அடுப்பும் வாத்தியமும் செய்வதைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி வேண்டும் என்று வருகிறார்கள். ஆசை நல்லதுதான். எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன்.

சிலிண்டர் என் காசில் வாங்கியது. வெட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்?

முதன்முதலில் சிலிண்டர் எடுத்தபோது நீங்கள் கொடுத்தது இரண்டு காசு. ஒன்று உள்ளே இருக்கும் காஸுக்கு, மற்றது சிலிண்டருக்கான வைப்புப் பணம். வைப்புப் பணம் என்றால் விலை அல்ல. சிலிண்டர் கம்பனியுடையது, உங்களிடம் பாவனைக்கு இருக்கிறது, அவ்வளவுதான். நீல நிற லிட்ரோ, மஞ்சள் நிற லாப்ஸ் இரண்டுக்கும் இதுதான் நிலை. பழைய ஷெல் பெயர் பொறித்தது வைத்திருப்பவர்கள் "அந்தக் கம்பனிதான் இப்போது இல்லையே" என்பார்கள். ஷெல் காஸ் லங்காவை 2010இல் அரசாங்கம் வாங்கியது; அதுதான் பெயர் மாறி லிட்ரோ ஆனது. ஆகவே அதற்கும் சொந்தக்காரர் இருக்கிறார்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நல்ல நிலையில் இருக்கும் ஒரு சிலிண்டர் இன்னும் பல வருடம் பல வீடுகளில் சோறு பொங்க வைக்கும். அதை வெட்டிப் பூச்சட்டி ஆக்குவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். வைப்புச் சீட்டு இருந்தால் தேடி எடுத்துக்கொண்டு முகவரிடம் போங்கள். சீட்டு இல்லாவிட்டாலும் முதலில் அவரிடம்தான் கேட்க வேண்டும். உறவினர் யாராவது புதிதாகக் குடித்தனம் தொடங்கினால் அவர்களுக்குக் கொடுங்கள். என் கடைக்கு வரும் பத்துச் சிலிண்டரில் ஏழெட்டை இப்படித்தான் திருப்பி அனுப்புகிறேன்.

துருப்பிடித்தது, நசுங்கியது, வால்வு கசிவது என்றால் இன்னும் கட்டாயமாகக் கம்பனிக்கே போக வேண்டும். அழுத்தம் போட்டுச் சோதிக்கவும், தேறாததை ஒதுக்கவும் அவர்களிடம்தான் வசதி இருக்கிறது.

அப்படியானால் எதில்தான் கைவைக்கலாம்?

கொழும்பில் யாரும் உரிமை கோராத சிலிண்டர்கள் நிறையவே இருக்கின்றன. ஏசி, குளிர்சாதனப் பெட்டி திருத்துபவர்கள் பாவித்து எறியும் 13.6 கிலோ சிலிண்டர் ஒன்று. அது ஒரே ஒரு தடவை பாவிக்கவே செய்யப்பட்டது, திரும்ப நிரப்பக் கூடாது. கோட்டை, கொள்ளுப்பிட்டிப் பக்கத்து அலுவலகங்கள் காலம் முடிந்ததென்று கழிக்கும் தீயணைப்பான்கள் இன்னொன்று. வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுத் திரும்பியவர்களின் வீட்டுச் சாமானோடு எப்போதாவது ஒரு 20 இறாத்தல் புரோப்பேன் தாங்கி வந்து சேரும். அமெரிக்காவில் பாபிக்யூ அடுப்புக்குப் பாவிப்பது அதுதான், ஏறக்குறைய 9 கிலோ காஸ் பிடிக்கும். இங்கே அதற்கு வால்வும் பொருந்தாது, நிரப்புவாரும் இல்லை. வெட்டிப் புது வேலைக்கு எடுக்க மிகப் பொருத்தமானது அதுவே.

பஞ்சிகாவத்தையிலோ பழைய இரும்புக் கடையிலோ வாங்குகிறீர்களா? கம்பனிப் பெயரைச் சுரண்டி, பெயின்ற் அடித்து மறைத்தது போலத் தெரிந்தால் எடுக்காதீர்கள். அது எங்கேயோ ஒரு வீட்டின் குசினியிலிருந்து களவு போனதாக இருக்கலாம்.

காஸ் முழுதாக முடிந்துவிட்டது. அடுப்பைப் பற்றவைத்தாலும் பற்றவில்லை. இனி என்ன ஆபத்து?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் வாசிக்க நேரம் என்றால் இதை வாசியுங்கள்.

அடுப்பு அணைந்தது என்றால் சிலிண்டருக்குள் காஸ் இல்லை என்று அர்த்தமல்ல. உள்ளே இருந்த அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் ஒன்றாகிவிட்டன, அதனால் வெளியே தள்ள ஆள் இல்லை. சிலிண்டரின் வயிறு நிறைய அப்போதும் காஸ் ஆவி இருக்கும். நிறைந்திருக்கும் அந்த ஆவி தனியாக நின்றால் பற்றாது, பற்றக் காற்று வேண்டும். சமையல் காஸ் என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் காற்றோடு கலந்து ஏறத்தாழ நூற்றுக்கு 2 முதல் 9.5 பங்கு வரை இருக்கும்போதுதான் பற்றும். பியூட்டேனுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. இப்போது யோசித்துப் பாருங்கள். "காஸ் போய்விடட்டும்" என்று வால்வைத் திறந்து இரவெல்லாம் வைத்தால் என்ன நடக்கும்? மெல்ல மெல்லக் காற்று உள்ளே புகும், காஸ் மெல்ல மெல்ல வெளியேறும். நூறு பங்காக இருந்தது குறைந்து குறைந்து, வெடிக்கும் அளவுக்குச் சரியாக வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்துக் கிரைண்டரை வைத்தால் பொறி ஒன்று போதும்.

காஸ் காற்றைவிடப் பாரமானது. புரோப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. ஆகவே நிமிர்த்தி வைத்த சிலிண்டரிலிருந்து அது தானாக மேலேறிப் போகாது. அடியிலேயே படுத்திருக்கும்.

பல வருடத்துக்கு முன் நான் வேலை பழகிய இடத்துக்கு எதிரே ஒரு பொடியன் இப்படித்தான் ஒரு இரவு திறந்து வைத்த சிலிண்டரை அடுத்த நாள் காலையில் வெட்டினான். சத்தத்துக்குத் தெருவே ஓடி வந்தது. சிலிண்டரின் மேல்மூடி பறந்து போய்க் கூரைத் தகட்டைக் கிழித்தது. அவன் உயிர் தப்பினான், வலது காது போய்விட்டது. சிலிண்டரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொடியன்தான் ஞாபகத்துக்கு வருவான்.

மணமே வரவில்லை. அப்படியென்றால் காஸ் இல்லைத்தானே?

மணத்தை நம்ப முடியாது. எல்பி காஸுக்கு, அதாவது சமையல் காஸுக்கு, சொந்த மணம் கிடையாது. கசிவு தெரியட்டும் என்று மேர்கப்டான் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் வெடிப்புகள் நடந்தபோது, புரோப்பேன், பியூட்டேன் கலவையோடு சேர்த்து இந்த மேர்கப்டான் பெயரும் செய்தியில் அடிபட்டது. அந்த நாற்றத்தைச் சிலிண்டரின் உட்சுவரும் துருவும் உறிஞ்சிவிடலாம், அப்போது காஸ் இருந்தும் மணம் வராது. மறுபக்கம், காஸ் எல்லாம் போன பிறகும் அடியில் தேங்கிய எண்ணெய்ப் பசையிலிருந்து நாற்றம் நாட்கணக்கில் வரும். ஆகவே மணத்தை வைத்து இரண்டு பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. கழுவினால் மட்டும்தான் நிச்சயம்.

எப்படிக் கழுவுவது?

மிச்சக் காஸை வீட்டுக்கு வெளியே திறந்து விடலாம் என்று நினைக்காதீர்கள். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் போல வீட்டோடு வீடு ஒட்டிய இடத்தில் அது கானுக்குள் இறங்கி, நாலு வீடு தள்ளி ஒரு அடுப்பைத் தேடிப் போகும். அந்தச் சிலிண்டருக்குப் பொருந்தும் அடுப்பில் வைத்து, சுவாலை தானாக அணையும் வரை எரித்து முடியுங்கள்.

அடுத்தது வால்வைக் கழற்றுவது. இதை வீட்டில் செய்ய வேண்டாம். பித்தளை வால்வு கூம்பு மரையில் இறுக்கி ஏற்றப்பட்டது. சிலிண்டரை அசையாமல் பிடிக்கும் கட்டையும் நீளமான கைச்சாவியும் இல்லாமல் அசையாது. நாங்கள் திறந்த வெளியில், பக்கத்தில் எந்த நெருப்பும் மின்விசிறியும் இல்லாத இடத்தில் வைத்து, மரையின் மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே மெல்லத் திருப்புவோம். அரைச் சுற்றில் "உஸ்" என்று ஒரு சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்தி, அது அடங்கும் வரை காத்திருப்போம். சூடு காட்டிக் கழற்றுவது, உளியை வைத்து அடிப்பது இரண்டும் கூடவே கூடாது.

வால்வு வந்ததும் கழுத்து வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். 12.5 கிலோ சிலிண்டர் அளவுள்ள ஒன்று கிட்டத்தட்ட மூன்று வாளி கொள்ளும். தண்ணீர் ஏற ஏற உள்ளே இருக்கும் காஸ் துவாரம் வழியாக வெளியேறும், அதனால் அந்த நேரத்தில் முகத்தைக் கொண்டுபோய் எட்டிப் பார்க்காதீர்கள். வழிந்து ஓடும் வரை நிரப்பி ஒரு நாள் விட்டுவிட்டுக் கவிழ்த்து ஊற்றுங்கள். அடுத்த தடவை பாத்திரம் கழுவும் திரவம் கலந்து நிரப்பி நன்றாக ஆட்டி, மறுபடி ஒரு நாள். மூன்றாவது தடவை வெறும் தண்ணீர். அடியில் கிடக்கும் எண்ணெய்ப் பசை சவர்க்காரத்துக்குத்தான் இளகும். அந்தப் பசை இருந்தால், வெட்டும் சூட்டில் அதுவே திரும்ப ஆவியாகும்.

ஒரு சிலிண்டருக்கு மூன்று நாள் கேட்கிறாரே என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. நான் மூன்று நாளுக்குக் குறைத்துச் செய்ததில்லை.

கிரைண்டர் வீட்டில் இருக்கிறது. கழுவிய பிறகு நானே வெட்டலாமா?

இரும்பு வெட்டிப் பழக்கம் இருந்தால் மட்டும். முதல் வெட்டுத்தான் முக்கியம். வெட்டும் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி வைத்தால், உள்ளே வெற்றிடம் கொஞ்சம்தான் இருக்கும். ஆனால் தண்ணீரும் வயர் போட்ட கிரைண்டரும் சேர்ந்தால் மின்சாரம் தாக்கும். அதனால் முதல் வெட்டை இரும்பு அறுக்கும் கைவாளால் போடுங்கள், அல்லது பட்டரியில் ஓடும் கருவியால். ஒரு சாண் திறந்துவிட்டால் அப்புறம் தண்ணீரை ஊற்றிவிட்டு மிச்சத்தை எதனால் வெட்டினாலும் பரவாயில்லை.

கண்ணாடி, முகமூடி, தடித்த காலணி இல்லாமல் தொடாதீர்கள். சிலிண்டர் உருண்டையானது, உருளும். இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம், அடியில் துத்தநாகப் பூச்சு இருக்கலாம். அதைச் சூடாக்கிய புகையைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சல், உடம்பு நடுக்கம். வெட்டும் கோட்டிலும் ஒட்டும் இடத்திலும் முதலில் பூச்சை உரசி எடுத்துவிடுங்கள்.

தொடர்மாடிப் பல்கனியில் வெட்டுவது பற்றிக் கேட்கவே வேண்டாம். பொறி கீழ்வீட்டுத் துணிக்கொடியில் போய் விழும்.

ஏசி காஸ் சிலிண்டரில் எரியும் காஸ் இல்லையே. அதை நேராக வெட்டலாமா?

முன்பு அப்படிச் சொல்ல முடிந்தது, இப்போது முடியாது. ஆர் 22, ஆர் 134ஏ இரண்டும் சாதாரணமாகப் பற்றாது. ஆனால் இப்போது வரும் ஆர் 290 என்பது சாட்சாத் புரோப்பேனேதான். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளில் வரும் ஆர் 600ஏ ஐசோபியூட்டேன். ஏசியில் வரும் ஆர் 32உம் பற்றக்கூடியது. முன்பு ஆர் 22க்கு இளம்பச்சை, 134ஏக்கு இளநீலம் என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், இப்போது அந்த ஒழுங்கும் போய்விட்டது. மேலே அச்சடித்திருப்பதைப் படியுங்கள். எழுத்து அழிந்திருந்தால் புரோப்பேன் என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள்.

பற்றாத வகையிலும் மிச்சக் காஸோடு சூடாக்கினால் நச்சு வாயு உண்டாகும். காற்றில் திறந்து விடுவதும் பிழை. ஆர் 22 ஓசோனை அரிக்கும், மற்றவை பூமியின் சூட்டைக் கூட்டும். ஏசி திருத்துபவரிடம் மிச்சத்தை உறிஞ்சி எடுக்கும் மெஷின் இருக்கும். அவரிடமிருந்து சிலிண்டரை வாங்கும்போதே "உறிஞ்சித் தாருங்கள்" என்று கேட்டு வாங்குங்கள்.

வெல்டிங்குக்குப் பாவிக்கும் அசிட்டிலீன் சிலிண்டர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதை வெட்டலாமா?

வெட்டாதீர்கள். எந்தக் கழுவலும் அதைச் சுத்தமாக்காது. உள்ளே சுண்ணாம்புக் கல் போல நுண்துளை நிறைந்த ஒரு பொருள் முழுதாக அடைந்திருக்கும், அதில் அசிட்டோன் ஊறியிருக்கும், அதற்குள்தான் காஸ் கரைந்திருக்கும். பழையவற்றில் அஸ்பெஸ்ரஸும் உண்டு. காஸ் விற்கும் கம்பனியிடமே திருப்பிக் கொடுங்கள்.

சரி, கழுவி வைத்தாயிற்று. என்ன செய்தால் சிறப்பு?

என்னைக் கேட்டால் வாத்தியம்.

2007இல் அமெரிக்காவில் டெனிஸ் ஹவ்லேனா என்பவர் ஒரு வெறும் 20 இறாத்தல் புரோப்பேன் தாங்கியை எடுத்து, அதன் அடிப்பக்கத்தில் நாக்கு நாக்காக வெட்டி ஒரு தாள வாத்தியம் செய்தார். அதற்குச் சில வருடம் முன் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் ஹாங் என்ற உருக்கு வாத்தியம் வந்திருந்தது. விலை அதிகம், கிடைப்பதும் அரிது. ஹாங் என்ற பெயரையும் டாங்க் என்ற சொல்லையும் சேர்த்துத் தன் வாத்தியத்துக்கு ஹாங்க் ட்ரம் என்று பெயர் வைத்தார். செய்முறையை ஒளிக்காமல் எல்லோருக்கும் சொல்லியும் கொடுத்தார். கைவேலைக்காரன் இன்னொரு கைவேலைக்காரனுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அது. அதற்கும் எவ்வளவோ முன்னால் திரினிடாட்டில் எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டித் தட்டி ஸ்டீல்பான் செய்திருந்தார்கள். எறிந்த இரும்பில் நாதம் இருக்கிறது என்று முதலில் கண்டவர்கள் ஏழைகள்தான்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிவளையத்தை வெட்டி எடுத்துவிட்டால் சிலிண்டரின் குவிந்த அடி மேல்முகமாகும். வால்வு இருந்த துவாரம் கீழே ஒலி வெளியேறும் வாயாகும். குவிந்த முகத்தில் வட்டமாக ஐந்து முதல் பத்து நாக்குகளை வரைந்து, ஒவ்வொன்றையும் மூன்று பக்கம் வெட்டி ஒரு பக்கம் ஒட்டியபடி விட வேண்டும். நாக்கு நீண்டால் சுருதி இறங்கும், குறுகினால் ஏறும். முதலில் கட்டையாகவே வெட்டுங்கள். பிறகு கைபேசியில் சுருதி காட்டும் செயலியை வைத்துக்கொண்டு, மில்லிமீற்றர் மில்லிமீற்றராக வெட்டை நீட்டி இறக்குங்கள். ஒரேயடியாக நீட்டிச் சுருதி இறங்கிவிட்டால் ஏற்றுவது கஷ்டம். நுனியைக் கொஞ்சம் உரசிப் பாரத்தைக் குறைத்துப் பார்க்கலாம். கொஞ்சம் இறக்க மட்டும் வேண்டுமென்றால் நுனியின் அடியில் ஒரு சின்னக் காந்தம் ஒட்டினால் போதும்.

நம்முடைய ஆட்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இந்த வாத்தியத்துக்கு ஐந்து சுரம்தான் பொருத்தம், அப்போதுதான் எதைத் தட்டினாலும் ஒன்றோடொன்று இடறாது. நமக்கு மோகனம் இருக்கிறதே! ச ரி க ப த என்று அதில் கட்டிக் கொடுத்தால், சங்கீதம் படிக்காத பிள்ளையும் தட்டிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் உருக்கமாக வேண்டும் என்றவர்களுக்கு சுத்த தன்யாசியில், ச க ம ப நி என்று கட்டியிருக்கிறேன். தடி நுனியில் கெட்டியான ரப்பர்ப் பந்து குத்தி அடித்தால் நாதம் குளிர்ச்சியாக வரும், இரும்பால் அடித்தால் காது கூசும்.

தகடு தடிப்பு ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் இருந்தால் நாதம் நீண்டு நிற்கும். ஏசி காஸ் சிலிண்டரின் தகடு மெல்லியது. அதில் சத்தம் வரும், ஆனால் சட்டென்று செத்துவிடும். பிள்ளைகள் விளையாட அது போதும். வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றையும் அரத்தால் மழுக்காமல் பிள்ளை கையில் கொடுத்துவிடாதீர்கள்.

மணி செய்யலாமா? கோயிலுக்கு வைக்கலாமா?

மணிக்கு மிக நல்லது கரியமிலவாயு தீயணைப்பானின் உடல். உள்ளே 50 பாருக்கும் மேல் அழுத்தம் தாங்க வேண்டியிருப்பதால் தடித்த உருக்கில் செய்வார்கள். தீயணைப்பான் சேவை செய்யும் கடையில் கொடுத்து முழுதாக வெறுமையாக்கி, தலையைக் கழற்றி வாங்குங்கள். அடியை வெட்டி நீக்கிவிட்டுக் கழுத்துப் பக்கமாகத் தொங்கவிட்டால் மணி. வெட்டிய விளிம்பில் மரச்சுத்தியலால் அடிக்க வேண்டும். நீளமாக விட்டால் கனத்த நாதம், குறுக்கினால் கூர்மையான நாதம். எங்கள் பள்ளிக்கூடத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும், அதை அடித்தால்தான் இடைவேளை. அதைவிட இது பல மடங்கு இனிமை.

கோயிலில் சந்நிதி மணி வெண்கலத்தில்தான் இருக்க வேண்டும், அதை மாற்றச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் அன்னதான மடத்தில் பந்திக்குக் கூப்பிட, ரியூசன் வகுப்பில் நேரம் அறிவிக்க இதை வைப்பதில் குறை ஒன்றுமில்லை.

அடுப்பு?

2022இல் அடுப்புக் கேட்டு வந்தவர்களைப்போல அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பால்மாவுக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க வழி இல்லாமல் கைக்குழந்தையோடு வந்து நின்ற தாய்மார். கையில் கிடைத்த தகடு, பீப்பாய் எல்லாவற்றிலும் அடுப்பு அடித்துக் கொடுத்தோம். அப்போது கற்றதைத்தான் சொல்கிறேன்.

விறகடுப்பைவிட மரத்தூள் அடுப்பு இந்த வடிவத்துக்குப் பொருந்தும். மேல்மூடியை வெட்டி எடுத்து, பக்கத்தில் அடியோடு ஒட்டி ஒரு கை நுழையும் அளவு துவாரம் போடுங்கள். ஒரு தடியை நடுவில் நிறுத்தி, இன்னொன்றைத் துவாரம் வழியாக விட்டு அதோடு முட்ட வையுங்கள். சுற்றிலும் காய்ந்த மரத்தூளை இறுக்கி இடித்து நிரப்பி, இரண்டு தடியையும் மெல்ல உருவிவிட்டால் உள்ளே காற்று ஓட வழி ஒன்று நிற்கும். கீழே பற்றவைத்தால் உள்சுவர் மட்டும் மெதுவாக எரிந்து, மணிக்கணக்கில் ஒரே சீராகச் சூடு தரும். மரத்தூளுக்கு மொரட்டுவைத் தச்சுப் பட்டறைகள் இருக்கவே இருக்கின்றன. ஒட்டுப்பலகைத் தூள் மட்டும் வேண்டாம், அதன் பசை எரியும் புகை கூடாது.

முதல் தடவை சமையலுக்கு அல்ல. வெளியில் வைத்துப் பெருநெருப்பாக எரித்து, பெயின்ற் முழுவதும் கருகி உதிரும் வரை விட்டு, கம்பித் தூரிகையால் உரசுங்கள். புகைக்குத் தள்ளி நில்லுங்கள். எந்த விறகடுப்பையும் மூடிய அறைக்குள் வைக்கக் கூடாது, புகையில் வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை.

இப்போது வருடா வருடம் மார்கழி பிறந்ததும் ஒரு வேலை வரும். தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு முற்றம் கிடையாது, மூன்று கல் கூட்ட இடம் இல்லை. வால்வுப் பக்கத்தை நீக்கிய அரைச் சிலிண்டர் ஒன்றில் முன்பக்கம் விறகு வாய் வெட்டி, விளிம்பில் மூன்று குமிழ் ஒட்டிக் கொடுத்தால் மொட்டைமாடியில் தைப்பொங்கலுக்குப் பானை வைக்கலாம். குமிழ் மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று தண்ணீர் நிரப்பிய பானையை வைத்தே பார்ப்பேன். பொங்கல் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்க வீடே சுற்றி நிற்கும்போது, பானை அடுப்பின் சரிவால் ஒரு பக்கம் வழியக் கூடாது. கீழே செங்கல் பரப்பி அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மொட்டைமாடிச் சீமெந்து வெடிக்கும்.

பூச்சட்டி?

தாராளமாக. நீளவாக்கில் பிளந்தால் கீரை வளர்க்க இரண்டு தொட்டி, குறுக்காக வெட்டினால் துளசிக்கு ஒன்று. ஆனால் அடியில் விரல் நுழையும் துவாரம் குறைந்தது நாலு போடுங்கள். கொழும்பில் தேங்கிய தண்ணீர் என்றால் டெங்கு. நல்ல தண்ணீரில் இட்ட முட்டை ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பாகிப் பறக்கத் தொடங்கிவிடும். சிலிண்டரின் அடி வெளிப்பக்கம் குவிந்து இருப்பதால் நடுவில்தான் தண்ணீர் தேங்கும், துவாரத்தை ஓரத்தில் போட்டுப் பயனில்லை. நடுவில் போடுங்கள். கவிழ்த்து வைத்த சிலிண்டரின் அடிவளையத்துக்குள்ளும் மழைத் தண்ணீர் நிற்கும், அதையும் பாருங்கள். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் பார்ப்பது இப்படியான மூலைகளைத்தான்.

பெயின்ற் அடிக்கும் கொம்பிரசருக்குக் காற்றுத் தாங்கியாக வைக்கலாமா?

செய்து வைத்திருக்கும் கராஜ்களை நானும் பார்த்திருக்கிறேன். என் கடையில் செய்வதில்லை. அழுத்திய காற்றோடு ஈரமும் உள்ளே போகும், அடியில் நின்று உள்ளிருந்தே அரிக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. குழாய் பொருத்த ஒட்டிய இடம் சோதனை பார்க்காத ஒட்டு. அது பிளந்தால் பக்கத்தில் நிற்பவருக்குத் தப்ப நேரம் கிடைக்காது.

குடிதண்ணீர் தாங்கியாக?

வேண்டாம். எண்ணெய்ப் பசை முற்றாகப் போகாது, துருவும் சேரும். பூமரத்துக்குத் தண்ணீர் விடவென்றால் பரவாயில்லை, மூடி போட்டு வையுங்கள்.

வெட்டாமலே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். வால்வைக் கழற்றிக் கழுவிய சிலிண்டருக்குள் புனல் வைத்து உலர்ந்த மணலை நிரப்பினால் நல்ல பாரக்கல். கலியாணப் பந்தல் கால், கடை வாசல் குடை, மொட்டைமாடித் தார்பாய் எல்லாவற்றையும் கடற்காற்றுக்கு அசையாமல் பிடிக்கும். மேலே "மணல்" என்று பெரிதாக எழுதிவிடுங்கள். காஸ் என்று நினைத்து யாரும் பயப்படவும் கூடாது, தூக்கி முதுகை முறித்துக்கொள்ளவும் கூடாது.

வீட்டில் கிடக்கும் சிலிண்டர் கசிகிறது போல இருக்கிறது. உடனே என்ன செய்வது?

மின்விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்து, முடிந்தால் சிலிண்டரை நிமிர்ந்தபடியே வெளியே எடுத்துவிட்டு எல்லோரும் விலகுங்கள். வெளியே வந்த பிறகு 110க்கு அழைத்தால் தீயணைப்புப் படை வரும். சந்தேகம் சின்னதென்றால் சவர்க்கார நுரையை வால்வில் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை எறிவதா?

பித்தளை வால்வைத் தனியாக எடுத்து வையுங்கள், பழைய இரும்புக் கடையில் அதற்கு இரும்பைவிட நல்ல விலை. கொடுக்கும் முன் மரையைச் சுத்தியலால் நசுக்கிவிடுங்கள், இன்னொரு சிலிண்டரில் யாரும் ஏற்றாதபடி. கைப்பிடி வளையம் சுவரில் குழாய் சுற்றித் தொங்கவிட உதவும். அடிவளையத்தை மட்டும் நான் யாருக்கும் விற்பதில்லை. துரு உரசிக் கறுப்புப் பூச்சு அடித்தால் அருமையான பிரிமணை. பெரிய சோற்றுப் பானை ஆடாமல் உட்காரும். பக்கத்து வீட்டு அக்காமார் வரிசையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள், இந்த மாதம் இரண்டு பேருக்குத்தான் கொடுக்க முடிந்தது.